இரண்டு வீட்டுப் பாத்துக்கலாம்

சனிக்கிழமை காலை கீழ்வீட்டு டீச்சர் ஒரு நீல ஃபைலோடு மாடியேறி வந்தபோது, மெக்கானிக் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் வீட்டில் ஒரு குழாய் மூன்று வாரமாகச் சொட்டியது. அதைப் பற்றி மனைவி சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, அலுத்துப்போய், வாளியை அடியில் நகர்த்தி வைத்துவிட்டு ஓய்ந்திருந்தாள்.

டீச்சர் என்றால் வீட்டுக்காரர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் தெருவுக்கு அவர் டீச்சர்தான். அந்தக் கட்டடத்தில் அவருக்கு இரண்டு வீடுகள். கீழே அவர் தனியாக இருந்தார். மேலே மெக்கானிக்கும் மனைவியும் ஏழு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். ஆறு வயது மகள் அங்கே வந்த பிறகு பிறந்தவள். வந்த ஏழு வருடத்தில் டீச்சர் வாடகையை ஏற்றியது ஒரே தடவை. அதையும் தானே கடன் கேட்கிற மாதிரிக் கூசிக்கூசித்தான் கேட்டார்.

"தம்பி, பத்திரம் எழுதறவர் போன் பண்ணாரு. பதிவு எந்தத் தேதின்னு கேக்கறாரு. இருபதாம் தேதிக்குள்ள நான் அங்க பணம் கட்டியாகணும், இல்லன்னா அந்த ரூம் கைவிட்டுப் போயிடும். அட்வான்ஸ் என்னைக்குத் தரீங்க?"

மெக்கானிக்கின் கையிலிருந்த வாஷர் நழுவி வாளித் தண்ணீரில் விழுந்தது.

"எந்த அட்வான்ஸ் டீச்சர்?"

"வீட்டுக்குத்தான். நீங்க எடுத்துக்கறேன்னு சொன்னதாலதானே மருந்துக்கடைக்காரரை வேண்டாம்னு அனுப்பிச்சேன்!"

ஐந்து வாரத்துக்கு முன்னால் மாடிப்படிக்குக் கீழே டீச்சர் அவனை நிறுத்திப் பேசியது உண்மை. மேல்வீட்டை விற்கப் போகிறேன் என்றார். வயதானவர்கள் சேர்ந்து இருக்கும் குடியிருப்பு ஒன்றில், தோட்டத்தைப் பார்த்த அறைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்றார். மருந்துக்கடைக்காரர் நல்ல விலைக்குக் கேட்கிறார், ஆனாலும் முதல் பேச்சு உங்களிடம்தான், எடுத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார். மெக்கானிக்குக்கு ஆசையும் இருந்தது, கையில் பணம் இல்லையே என்ற நினைப்பும் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு அவன் சொன்னது ஒரே சொல்.

"பாத்துக்கலாம் டீச்சர்."

அவனைப் பொறுத்தவரை அதற்கு முடியாது என்று பொருள். பெரியவரிடம் சொல்கிற மரியாதையான முடியாது. சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் மனைவியிடம் மூச்சுக்கூட விடவில்லை, இல்லாத வீட்டைப் பற்றி அவளிடம் சொல்வானேன் என்று.

இப்போது மனைவி ஈரக் கையோடு அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் கோபம் வருமென்றுதான் அவன் நினைத்தான். வந்தது சிரிப்பு.

"அடப்பாவி மனுஷா! வீட்டையே பேசி முடிச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றாள். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை அட்வான்ஸ் தந்துடறோம் டீச்சர், நீங்க கவலைப்படாம போங்க" என்றாள்.

டீச்சர் ஃபைலை மேசையில் வைத்துவிட்டு, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனார். மெக்கானிக் வாளிக்குள் கையை விட்டு வாஷரைத் தேடிக்கொண்டிருந்தான். தேட அங்கே ஒன்றும் பெரிய ஆழமில்லை.

இந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பம் ஒன்பது வருடமாக ஓடியதே அதன் மேல்தான்.

மெக்கானிக்கின் அம்மா வாசலில் யார் எதை விற்க வந்தாலும், பாத்திரமோ பாயோ சீட்டுப் பிடிக்கிறவரோ, "பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். பிள்ளைகள் எதையாவது கேட்டாலும் அதே பதில்தான். கேட்டது அத்தோடு முடிந்தது. இரண்டாம் தடவை கேட்பது அந்த வீட்டில் மானக்கேடு. ஆசைப்பட்டதை வெளியே சொல்லி அது கிடைக்காமல் போவதைவிட, சொல்லாமல் இருந்துவிடுவது கௌரவம் என்று அங்கே எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

மனைவியின் அப்பா கட்டட மேஸ்திரி. இந்தப் பக்கம் ஒரு சுவர் எழுப்ப முடியுமா, மழைக்கு முன்னால் கூரை போட்டுத் தர முடியுமா என்று யார் கேட்டாலும், மீசையைத் தடவிக்கொண்டு "பாத்துக்கலாம்" என்பார். மறுநாள் விடியும்போது செங்கல் வந்து இறங்கியிருக்கும். மகளிடம் அவர் பாத்துக்கலாம் என்றால், பொறுப்பு அப்பாவுடையது, நீ விளையாடப் போ என்று பொருள்.

இப்படி இரண்டு வீட்டுப் பாத்துக்கலாமும் ஒரே வீட்டில் குடிவந்தன. சொல் ஒன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஏங்க, அந்த மூலை சோபா வாங்கலாமா?"

"பாத்துக்கலாம்."

சோபா வந்தது. வாசலில் நுழையவில்லை. மெக்கானிக்கே தன் கம்பெனிக் கயிற்றைக் கொண்டுவந்து, தெருவே வேடிக்கை பார்க்க, பால்கனி வழியாக அதைத் தூக்கினான். அடுக்களைக்குக் கதவு போட்ட அலமாரி, நான்கு அறைக்கும் திரைச்சீலை, விருந்தாளியே வராத வீட்டில் விருந்தாளிக் கட்டில், மகளுக்குச் சத்தம் எழுப்பும் கீபோர்ட் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் முடியாது என்றுதான் சொன்னான், தன் வீட்டுப் பாஷையில். கேட்டுவிட்டு என் பேச்சைக் காற்றில் பறக்கவிடுகிறாளே என்று மனசுக்குள் புழுங்கினான். வாய் திறந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

அவனுக்கு அந்த வீடு வேண்டும். வாடகைக்குப் பார்க்க வந்த முதல் நாளே வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேலைப் பையில் இருந்த ரசமட்டத்தை எடுத்து விளையாட்டாகத் தரையில் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. சுவரில் வைத்தான், அங்கேயும் நின்றது. நாலு மூலையும் பார்த்துவிட்டான். நூறு கட்டடம் ஏறி இறங்கியவனுக்கு நேரான சுவர் எவ்வளவு அபூர்வம் என்பது தெரியும். யாரோ ஒரு கொத்தனார், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு ஒழுங்காக எழுப்பியிருக்கிறானே என்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்த வீட்டை எப்படியாவது வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்து, அன்றைக்கே அதை உள்ளே போட்டுப் பூட்டியும் விட்டான். மனைவியிடம், "பரவாயில்ல, குடியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை பகல் ஒரு அலுவலகக் கட்டடத்தில் அவனுக்கு அவசர வேலை இருந்தது. நாலாம் மாடியில் லிஃப்ட் நிற்கும்போது தரையைவிட ஒரு விரற்கடை கீழே நின்றது. கூட வந்தவன் சித்தப்பா. மெக்கானிக்கைவிட நாலு வயது சின்னவன்தான். இருபத்தைந்திலேயே தலை வெளுத்ததால் கம்பெனி முழுக்க அவனுக்குச் சித்தப்பா என்று பெயர். அவனோ எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

சித்தப்பா மொட்டை மாடி மோட்டார் அறையில் இருந்தான், மெக்கானிக் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றான். இருவருக்கும் நடுவில் இருட்டும் கயிறும்தான். அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கீழேயிருந்து சொன்ன சொல்லை மேலே இருப்பவன் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

"மேல!"

"மேல!"

"நிறுத்து!"

"நிறுத்து!"

உம், ஆகட்டும், சரி சரி எதுவும் அங்கே செல்லாது. அப்படி ஒருவன் உம் கொட்டியதற்கு இன்னொருவன் இரண்டு விரலைக் கொடுத்த கதை கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

வேலை முடிந்து கீழே வந்து, காகிதக் குவளையில் டீ குடித்துக்கொண்டே மெக்கானிக் காலையில் நடந்ததைச் சொன்னான். சித்தப்பா கேட்டு முடித்துவிட்டு டீயைக் கீழே வைத்தான்.

"அண்ணே, முடியாதுன்னு நாலு எழுத்து. அதச் சொன்னா பல்லு கொட்டிடுமா?"

"பெரியவங்கன்னு..."

"பெரியவங்க இப்ப நடுத்தெருவுல நிக்கப் போறாங்க. சரி, அண்ணிகிட்டயாவது சொன்னீங்களா, கையில காசு இல்லன்னு?"

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா திங்கக்கிழமை தரேன்னு ஏன் சொல்றாங்க?"

மனைவியிடம் ஏதாவது தனியாகச் சேமிப்பு இருக்குமோ என்று ஒரு நப்பாசை மெக்கானிக்குக்கே காலையிலிருந்து இருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு நல்ல பெயர். ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள் என்று அவளைத் தேடி வருவார்கள். சம்பளமும் அவனுடையதைவிடக் கொஞ்சம் கூட. எங்காவது போட்டு வைத்திருக்க மாட்டாளா?

வீட்டுக்கு வந்தபோது மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். மனைவி இஞ்ச் டேப்போடு ஸ்டூலில் ஏறி நின்றாள். கூடத்துக்கும் சின்ன அறைக்கும் நடுவில் உள்ள சுவரை இடித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று அளந்துகொண்டிருந்தாள். அந்தச் சுவரையா என்று அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எறங்கு. ஒண்ணு பேசணும்."

"இப்படியே சொல்லுங்க. இந்த முனையைப் பிடிங்க."

"அட்வான்ஸுக்குப் பணம் எங்கருந்து?"

அவள் குனிந்து பார்த்தாள். "உங்ககிட்டதானே இருக்கு?"

"எங்கிட்டயா?"

"கம்பெனி சொசைட்டில மாசாமாசம் போட்டீங்களே."

"அத எடுத்துட்டேன். மூணு வருஷம் ஆச்சு."

அவள் ஸ்டூலை விட்டு இறங்கினாள். இஞ்ச் டேப் சரக்கென்று சுருண்டு அவள் விரலில் அடித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எதுக்கு எடுத்தீங்க?"

"பைக் மாத்தினேன். டிரில்லிங் மெஷின் வாங்கினேன். கூட வேலை செய்யறவனுங்க ரெண்டு பேருக்குக் கொடுத்தேன். அப்புறம்... என்னென்னவோ. பேங்க்ல நம்ம சேர்ந்த கணக்குல ஏதாவது இருக்கும்னு நெனச்சேன். நீ பாத்துக்கறேன்னு நெனச்சேன்."

"நீங்க பாத்துக்கறீங்கன்னு நான் நெனச்சேன்."

இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து போனில் சேர்ந்த கணக்கைத் திறந்தார்கள். பாஸ்வேர்ட் யாருக்கும் நினைவில்லை. அதைப் புதிதாக மாற்றவே கால் மணி நேரம் ஆயிற்று. அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. இருந்த தொகை அட்வான்ஸில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பார்த்தவர் யாருமில்லை.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை. அதை முழுக்க எழுதினால் படிக்கிறவர் வீட்டிலும் ஆரம்பித்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், அவள் அவனுடைய பைக்கை இழுத்தாள், அவன் அவளுடைய கட்டிலை இழுத்தான். அவள் அவன் தங்கை வீட்டு விசேஷத்துக்குச் செய்ததைச் சொன்னாள், அவன் அவள் தம்பிக்குக் கொடுத்ததைச் சொன்னான். கடைசியில் அவன் ஒன்பது வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பினான்.

"நான் வேணாம்னு சொன்ன ஒண்ணையாவது நீ வாங்காம விட்டிருக்கியா?"

"எப்ப வேணாம்னு சொன்னீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

"இந்த சோபாவுக்கே வேணாம்னுதானே சொன்னேன்!"

"பாத்துக்கலாம்னு சொன்னீங்க!"

"அதான் வேணாம்னு சொன்னேன்!"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"பாத்துக்கலாம்னா வேணாமா?"

"பின்ன?"

"எங்க வீட்ல பாத்துக்கலாம்னா சரின்னு அர்த்தம். நான் இருக்கேன், நீ வாங்கிக்கோன்னு அர்த்தம்." அவள் சோபாவைத் தட்டிக் காட்டினாள். "நான் எது கேட்டாலும் தட்டாம சரின்னு சொல்ற மனுஷன்னு எங்க அக்காகிட்ட எத்தன தடவை பெருமை பேசியிருக்கேன் தெரியுமா?"

அப்போதுதான் மெக்கானிக்குக்கு இன்னொன்றும் உறைத்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையை மூடுகிறார்கள் என்று பாதி விலைக்கு ஒரு தொலைநோக்கி கிடைத்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மொட்டை மாடிகளில் நின்று நிலாவைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. வாழ்நாளில் தனக்கென்று அவளிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"நான் தொலைநோக்கி கேட்டப்ப நீ பாத்துக்கலாம்னு சொன்னியே."

"ஆமா. வாங்கிக்கோங்கன்னுதான் சொன்னேன். நீங்க வாங்கவே இல்ல. ஆசை போயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்."

நாலு வருடம். அவளுடைய கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் பணம் இருக்கிறது, என்னுடைய ஒன்றுக்கு இல்லை என்று அவன் நாலு வருடம் குமைந்திருக்கிறான். அந்தக் கோபத்தில்தான் சேர்ந்த கணக்கை எட்டிப் பார்ப்பதையே விட்டான், சொசைட்டிப் பணத்தை எடுத்துக் கண்டபடி செலவழித்தான். அவள் தரவே மறுக்காத ஒன்றுக்காக அவளைப் பழிவாங்கியிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கத்தை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"தப்பு என் பேர்லதான்" என்றான்.

"கேட்டுட்டு அதுக்கப்புறம் கணக்குல எவ்வளவு இருக்குன்னு நான் ஒரு நாளாவது பாத்தேனா? எனக்கு சரின்னு கேக்கணும்னு இருந்துச்சு, சரின்னே கேட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுந்திருங்க. டீச்சர்கிட்ட போவோம். திங்கக்கிழமை வரைக்கும் அவங்கள நம்ப வெக்கறது பாவம்."

"நான் மட்டும் போறேன். சொன்னவன் நான்தானே."

"திங்கக்கிழமை தரேன்னு சொன்னது யாரு? செருப்பப் போடுங்க."

டீச்சர் வீட்டில் பாதி சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. எந்தப் பெட்டியில் என்ன என்று மணியான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். இவர்களைக் கண்டதும் பெட்டியின் மேலிருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். இருவரும் உட்காரவில்லை.

"டீச்சர், எங்களால வீட்ட வாங்க முடியாது" என்றான் மெக்கானிக். முடியாது என்ற சொல் அவன் நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை. ஆனால் அதைக் கேட்டவர் முகம் சுண்டிப்போனது.

"என்ன தம்பி சொல்றீங்க? காலையிலகூட..."

"பணம் இருக்குன்னு நெனச்சோம். இல்ல."

டீச்சர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டார். "எடுத்துக்கறோம்னு எங்கிட்ட சொன்னது யாரு?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள், "நாங்கதான் டீச்சர். ரெண்டு பேரும்தான்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவன் ஒருவனே உளறிய சொல் அது. அதில் பாதியை அவள் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

டீச்சர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, காது சரியாகக் கேட்காததால் சத்தமாக வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் முழுக்க அறைக்குள் கேட்டது. வேறொரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன் டீச்சர் என்றார் அவர். யோசித்தார். பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் அதை விட்டுவிட்டு இதை எடுக்கிறேன் என்றார். மகன் குடும்பம் வரப்போகிறது, அதனால் இரண்டு மாதத்தில் வீடு காலியாக வேண்டும் என்றார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருபதாம் தேதிக்குள் முழுப் பணமும் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கிடைக்கும் என்றதும், சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அறை போகாது. கையிருப்புக்குன்னு கொஞ்சம் வெச்சிருக்கலாம்னு நெனச்சேன், அது போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்தப் பார்வையை நம்பி எதையும் செய்யக் கூடாது என்று இருவருக்கும் இப்போது புத்தி வந்திருந்தது. அவன் அவளிடமே வாய்விட்டுக் கேட்டான். "நம்ம கணக்குல இருக்கறத முழுசா டீச்சருக்குக் குடுக்கலாம்னு நெனக்கறேன். உனக்கு சம்மதமா?"

"சம்மதம். முழுசா" என்றாள் அவள். டீச்சரிடம் திரும்பி, "கொறையறதுல பாதிதான் அது வரும் டீச்சர். மீதிய மாசாமாசம் ரெண்டு பேர் சம்பளத்துலேர்ந்தும் தரோம்" என்றாள்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வேண்டாம்னு சொல்லிப் பெரிய மனசு காட்ட எனக்கு வசதி இல்ல. வாங்கிக்கறேன்" என்றார். அவர்கள் வாசலுக்குப் போன பிறகு பின்னாலிருந்து சொன்னார். "மருந்துக்கடைக்காரர் அன்னைக்கே உங்ககிட்ட கேட்டதவிட அதிக விலைதான் சொன்னாரு. நீங்க இருந்தா வீடு நல்லா இருக்கும்னுதான் அவர அனுப்பிட்டேன்."

படிக்கட்டில் பாதி ஏறியதும் மனைவி நின்றுவிட்டாள். மேலே மகள் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்திருந்தது. மெக்கானிக் தன்னையறியாமல் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒரு முறை தடவினான்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு இந்த வீடு வேணும்னு இருந்துச்சா?"

வழக்கமான பதில் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. பரவாயில்ல, விடு என்கிற பதில். அவன் அதை விழுங்கினான்.

"இருந்துச்சு. ரொம்ப."

"எப்பலேர்ந்து?"

"பாக்க வந்த அன்னைலேர்ந்து. ஒவ்வொரு தடவையும் நீ கேட்டப்ப வேணாம்னு நெனச்சதே அதுக்குத்தான். காசு சேத்து இத வாங்கிடலாம்னு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா என்று அவன் குனிந்து பார்த்தான். அழத்தான் செய்தாள், சத்தமில்லாமல்.

"உங்களுக்கு இந்த வீட்டு மேல ஒட்டுதலே இல்லன்னு நெனச்சேன். வாடகை வீடுதானேன்னு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எப்படியாவது இத நம்ம வீடு மாதிரி ஆக்கிட்டா உங்களுக்குப் பிடிச்சிடும்னுதான் ஒண்ணொண்ணா வாங்கினேன்."

அவன் அவள் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கு அந்தப் படி போதவில்லை. தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.